செவலையனுக்குக் கிடைத்த பத்து நாள்

கருப்பண்ணன் மாட்டின் வாயைப் பார்த்து வயது சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. புதன்சந்தையில் நாற்பத்திரண்டு வருஷம் தரகு பார்த்த கை அது. இடது கையால் மூக்கைப் பிடிப்பார், வலது கைக் கட்டைவிரலால் கீழுதட்டை ஒரே மடியாக மடிப்பார். அவ்வளவுதான். "நாலு பல்லு. அடுத்த சோடி அசையுது. தைக்குள்ள ஆறு போட்டுரும்" என்று சொல்லிவிட்டுத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார். படித்த டாக்டர் ஒருத்தர் ஒரு தடவை அதை மறுத்துப் பேசினார். அப்புறம் மாடு பிறந்த பண்ணைக்கே போன் போட்டு விசாரித்துவிட்டு, எதுவும் பேசாமல் காரில் ஏறிப் போனார். சந்தையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

இத்தனைக்கும் மூன்றாம் கிளாஸைத் தாண்டாதவர். ஒன்பது வயதில் அடுத்தவர் மாட்டை மேய்க்கப் போனவர். இன்றைக்கு ராசிபுரத்திலிருந்து ஆட்டையாம்பட்டி போகிற ரோட்டை ஒட்டி ஐந்து ஏக்கர் தோட்டம், வற்றாத கிணறு, எட்டுக் கறவை மாடு, மெத்தை வீடு. மகன் தனசேகர் சொந்தமாக இரண்டு லாரி ஓட்டுகிறான். எவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. எல்லாம் கண்ணால் பார்த்துக் கற்றது, சொன்ன சொல் தப்பாமல் நின்று சம்பாதித்தது. இந்த வட்டாரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

அந்தத் தோட்டத்துக் காவல் செவலையனுடையது. மோகனூர்ப் பக்கம் ஒரு கரும்புக் காட்டில் கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததைக் கருப்பண்ணன் துண்டில் சுருட்டி எடுத்து வந்தார். இப்போது ஆறு வயது. வாரம் தவறாமல் கறி எடுக்கிற வீடு என்பதால் எலும்புக்குப் பஞ்சமில்லை. தொடையெலும்பை வைத்துக்கொண்டு அது மடக் மடக்கென்று கடிக்கிற சத்தம் கேட்டால் கருப்பண்ணனுக்கு அப்படி ஒரு பெருமை.

"பட்டணத்துல நாய்க்குப் பிரஸ்ஸு வாங்கிப் பல்லு வெளக்கறாங்களாமா. கேட்டியா கூத்தை? எலும்பைவிட நல்ல பிரஸ்ஸு எங்க இருக்குது?" என்பார். சிரிக்காதவர்கள் கிடையாது.

ஆடி மாதம் மாரியம்மன் நோம்பி முடிந்து மூன்றாம் நாள் காலையில் செவலையன் சோற்றைத் தொடவில்லை.

தொடவில்லை என்றால், வட்டிலுக்கு வந்தது, மோந்து பார்த்தது, ஒரு வாய் எடுத்தது, உடனே கீழே விட்டது. வாய் முழுதாக மூடவில்லை. கயிறு கயிறாக எச்சில் வழிந்தது. முன்னங்காலால் மூஞ்சியைப் பிராண்டியது. துவைக்கிற கல்லில் கன்னத்தை வைத்துத் தேய்த்தது. இடது கண் சிவந்து, அதற்குக் கீழே லேசாக வீங்கியிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி தீர்த்தகிரி நின்றுகொண்டிருந்தார். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரே வேலி. இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் ஏதாவது ஒரு பேச்சு ஓடிக்கொண்டேயிருக்கும்.

"கருப்பண்ணா, உன்ற நாயைப் பாத்தியா? ஒழுகுது."

"பாத்தேன் பாத்தேன். நோம்பிக்கறி சேரலையாட்டம் இருக்குது."

"கறியாவது ஒண்ணாவது. போன மாசம் மேக்கால ஒரு நாய் இப்பிடித்தான் ஒழுக உட்டுக்கிட்டுத் திரிஞ்சுது. ஏழு ஆட்டைக் கடிச்சுது. ஏழும் போச்சு."

கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த காளியாத்தாளும் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வேலியோரம் வந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த கருப்பண்ணனின் மனைவி உண்ணாமலை வாளியோடு நின்றாள். நான்கு பேர் பார்க்கிறார்கள் என்றால் கருப்பண்ணனுக்குக் கை சும்மா இருக்காது.

"தள்ளுங்க. வாயைப் பாத்தாத் தெரிஞ்சு போவுது."

செவலையன் அவர் வந்ததும் உட்கார்ந்து வாலை ஆட்டியது. அவர் குனிந்து, கட்டைவிரலால் கீழுதட்டை மடித்தார். முன்பல்லிலிருந்து கடைவாய்வரை விரலை ஓட்டினார். வெள்ளை வெளேரென்று வரிசை குலையாமல் இருந்தது. ஒன்றிரண்டை அசைத்துப் பார்த்தார். கல் போல நின்றது.

"பல்லு முத்தாட்டம் இருக்குது" என்றார், வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி. "ஒரு சொத்தை இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. பல்லுல ஒண்ணும் இல்லை."

"அப்ப வாய்க்குள்ள ஒண்ணுமில்லீங்களா?" என்று கேட்டாள் உண்ணாமலை.

"நாந்தான் சொல்றனல்ல?"

நாற்பத்தைந்து வருஷமாக அந்த வார்த்தையைக் கேட்டு வந்தவள் அவள். வாளியை வைத்துவிட்டு, ஈரத்துணியை எடுத்து வந்து நாயின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். "வா சாமி, வா. ஒழுக உட்டுக்கிட்டு ஈ மொய்க்குது பாரு" என்று இடது கையால் கன்னத்தைத் தாங்கிப் பிடித்துத் துடைத்தாள். அவள் கட்டைவிரல் கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தில் அழுந்தியது.

செவலையன் வீல் என்று கத்திக்கொண்டு கவ்வியது. அடுத்த நொடியே விட்டுவிட்டது. விட்டதும் அதுவே பயந்துபோய்ச் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டது.

உண்ணாமலையின் கட்டைவிரலுக்குக் கீழே, சதையில், இரண்டு பொத்தல். ரத்தம் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்த மாதிரி மெதுவாக வந்தது.

முதலில் வாய் திறந்தவர் தீர்த்தகிரி.

"வெறிதான்" என்றார்.

கருப்பண்ணன் சங்கிலியை எடுத்துக்கொண்டு போருக்குப் பின்னால் போனார். நாய் எதிர்க்கவில்லை. கட்டிவிட்டு அவர் மனைவியின் கையைத்தான் திரும்பிப் பார்த்தார்.

"சுண்ணாம்பு வெச்சுக் கட்டுங்க அக்கா, வெசம் ஏறாது" என்று காளியாத்தாள் மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தாள். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து மருமகள் கலைமணி ஓடி வந்தாள். "அதெல்லாம் வெக்காதீங்க, தொடாதீங்க!" என்று மாமியாரின் கையைப் பிடித்துத் தரதரவென்று கிணற்று மோட்டார்க் குழாய்க்கு இழுத்துக்கொண்டு போனாள். மோட்டாரைப் போட்டுவிட்டு, துணி சோப்பைத் தேய்த்துத் தேய்த்துத் தண்ணீரில் காட்டினாள். கால் மணி நேரம் விடவில்லை.

"கை மரத்துப் போச்சு புள்ள" என்றாள் உண்ணாமலை.

"மரக்கட்டும் அத்தை. காட்டுங்க."

ராசிபுரம் ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றி ஒரு ஊசி, தோளில் ஒரு ஊசி போட்டார்கள். அங்கிருந்த டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"வளர்க்கற நாய்தானே? தடுப்பூசி போட்டிருக்கீங்களா?"

கருப்பண்ணன் சுவரைப் பார்த்தார். தை மாதம் பஞ்சாயத்து ஆபீஸில் நாய்களுக்கு இலவச ஊசி முகாம் போட்டார்கள். வீட்டுக்கே வந்து கூப்பிட்டவர்களிடம், "எங்க நாயைப் பாத்தா ஊசி போடற நாயாட்டமாத் தெரியுது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர் அவர்தான்.

"இல்லீங்க" என்றார்.

"நாயை அடிச்சுக் கொன்னுடாதீங்க. அதுதான் முக்கியம். கட்டிப்போட்டு, யாரும் கிட்டப் போகாம, பத்து நாள் பாருங்க. பத்தாம் நாள் அது நல்லா நடமாடிக்கிட்டு இருந்துச்சுன்னா, கடிச்ச அன்னிக்கு அதோட எச்சில்ல வெறி இல்லைன்னு அர்த்தம். பயமே இல்லை."

"அதுக்குள்ள செத்துப்போச்சுன்னா?"

டாக்டர் பேனாவை மூடினார். "ஊசியை ஒரு நாள் தள்ளாமப் போடுங்க. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

திரும்பி வருகிற வழியெல்லாம் உண்ணாமலை காரின் ஜன்னல் வழியாகத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தோட்டத்து வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். தீர்த்தகிரி கையில் மூங்கில் கழி, அதன் நுனியில் சுருக்குக் கயிறு. இன்னொருவன் கடப்பாரை வைத்திருந்தான்.

"கருப்பண்ணா, நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். தள்ளி நின்னுக்கோ. நாங்க முடிச்சுக்கறோம்."

"யாரும் உள்ள வரக் கூடாது. பத்து நாள் பாக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கறாரு. நாயி செத்தா என்ற ஊட்டுக்காரிக்கு என்னன்னே தெரியாமப் போயிரும்."

"உன்ற ஊட்டுக்காரிக்கு ஊசி போட்டாச்சு. என்ற பேத்தி கனிஷ்கா இந்த வரப்புலதானே பள்ளிக்கூடத்துக்குப் போறா? சங்கிலியை அத்துக்கிட்டு அவ மேல உழுந்துச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

அது பொய்க் கோபம் இல்லை. பேத்திக்குப் பயப்படுகிற மனுசனிடம் என்ன நியாயம் பேசுவது?

"பல்லுல ஏதாச்சும் கோளாறா இருக்கும்னு நெனச்சேன். அதனாலதான் காலையில சும்மா இருந்தேன்" என்றார் தீர்த்தகிரி. "நீதானே வாயைத் தொறந்து பாத்த? பல்லு முத்தாட்டம் இருக்குதுன்னு நீதானே சொன்ன? கருப்பண்ணன் பாத்துச் சொன்னா அப்பீலே கிடையாது. பல்லுல இல்லைன்னா அப்புறம் எங்க? மூளையிலதான்!"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. நாற்பத்திரண்டு வருஷம் சம்பாதித்த பேர், அந்த நிமிஷம் சுருக்குக் கயிறாகி நாயின் கழுத்துக்கு வந்து நின்றது. நாயின் கழுத்துக்கு மட்டுமா?

"பொழுது சாயறவரைக்கும் குடு" என்றார் கருப்பண்ணன். "மைதிலி டாக்டரம்மா வரட்டும். அவங்க பாத்து வெறின்னு சொன்னா, நானே உங்களை உள்ள கூட்டிக்கிட்டுப் போறேன்."

யாரிடமும் அவர் எதையும் 'குடு' என்று கேட்டுப் பார்த்ததில்லை. தீர்த்தகிரிக்கே அது என்னவோ போல இருந்திருக்க வேண்டும். கழியை வேலியில் சாய்த்து வைத்தார்.

மைதிலி ராசிபுரத்தில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கிற கால்நடை டாக்டர். மாட்டுக்குச் சினை பார்க்க அடிக்கடி வருகிறவள்தான். போனில் விஷயத்தைக் கேட்டதும், "வண்டியில ஏத்திக்கிட்டு வந்துடாதீங்க ஐயா. யாரும் கிட்டப் போகாதீங்க. நானே வாரேன்" என்றாள். அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பின்னால் கம்பவுண்டர் ரங்கன், ஐம்பது வயது மனிதர், மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

முதலில் அவள் தூரத்திலேயே நின்று பார்த்தாள். பிறகு ஒரு குண்டாவில் தண்ணீர் ஊற்றி நீளக் குச்சியால் தள்ளிவிடச் சொன்னாள்.

செவலையன் எழுந்து வந்தது. குண்டாவில் மூக்கை வைத்தது. நாக்கை நீட்டியது. ஒரு நக்கு நக்கியது. முனகிக்கொண்டு பின்வாங்கியது.

"பாத்தீங்களா? தண்ணியைக் கண்டா அலறுது!" என்று வேலியோரம் ஒரு குரல்.

"அலறலைங்க, தானா வந்து நக்கிட்டுப் போகுது. ஏதோ வலிக்குது" என்றாள் மைதிலி. பிறகு குரலைத் தாழ்த்தி, கருப்பண்ணனுக்கு மட்டும் கேட்கும்படி, "ஆனா நான் இன்னும் எதையும் சொல்லலைங்க ஐயா. வெறியிலயும் தாடை தொங்கும், எச்சில் ஒழுகும். மயக்கம் குடுத்துத்தான் வாயைப் பாக்க முடியும். நீங்க அக்கட்டால போயிருங்க."

"அது என்ற கைக்குத்தான் நிக்கும்" என்றார் அவர்.

முழங்கைவரைக்கும் வருகிற கையுறையை அவருக்கும் மாட்டிவிட்டாள். சங்கிலியைத் தென்னைமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையை அவர் இழுக்க இழுக்க, செவலையன் தலை மரத்தோடு ஒட்டியது. முரட்டுக் காளைக்கே அவர் அப்படித்தான் செய்வார். ஆனால் காளை திமிறும். இது திமிறவில்லை, கண்ணை மேலே தூக்கி அவரையே பார்த்தது. ரங்கன் பின்னங்காலைப் பிடிக்க, மைதிலி தொடையில் ஊசியை இறக்கிவிட்டு எட்டிக் குதித்தாள். சங்கிலி அவர் கையில் இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது. பத்து நிமிஷம் என்றார்கள். அத்தனை நீளமான பத்து நிமிஷத்தை அவர் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை.

நாய் சரிந்தது. மைதிலி கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டு மண்டியிட்டாள். இரண்டு தாடைக்கும் துணி நாடா கொடுத்து ரங்கன் வாயை அகலப் பிடித்தார். மைதிலி செவலையனின் மேலுதட்டைத் தூக்கினாள். தூக்கினவள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"ஐயா, காலையில வாயைப் பாத்தேன்னு சொன்னீங்களே. எப்படிப் பாத்தீங்க?"

கருப்பண்ணன் கட்டைவிரலை மடித்துக் காட்டினார்.

"கீழ பாத்திருக்கீங்க. மேல?"

"மேல பாக்கறதுக்கு என்ன இருக்குது கண்ணு?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. வெறும் ஈறுதான். அதனால் உலகத்தில் எந்தத் தரகனும் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்க மாட்டான். எத்தனை ஆயிரம் வாய்! அத்தனையிலும் பல் என்றால் கீழே, வயது என்றால் கீழே, குறை என்றால் கீழே. அந்தக் கை ஒரு நாயின் வாய்க்குப் போனபோதும் அதே வழியிலேயே போய், அதே வழியிலேயே திரும்பிவிட்டது. நாய்க்கு மேலேயும் பல் உண்டு என்பது சின்னக் குழந்தைக்குத் தெரியும். கருப்பண்ணனுக்கும் தெரியும். விரலுக்குத் தெரியவில்லை.

"வாங்க. பாருங்க" என்று மைதிலி டார்ச்சை அடித்தாள்.

அழுகல் நாற்றம் குப்பென்று அடித்தது. மேல்வாயில் இந்தக் கடைவாய்ப் பல்லுக்கும் அந்தக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே, கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள் மாதிரி, குறுக்கே ஒரு எலும்புத்துண்டு இறுகிக் கிடந்தது. சுற்றிலும் சதை வீங்கி அதைப் பாதி மூடியிருந்தது. இடது பக்கத்துப் பெரிய பல் நடுவில் பிளந்திருந்தது. அதன் வேரிலிருந்து சீழ் வைத்துத்தான் கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. மீதி மேல்பற்களில் பழுப்பும் பச்சையுமாகக் காரை கல்லாக ஏறிக் கிடந்தது. கீழே முத்து, மேலே இது.

"நோம்பிக்கு வெட்டின கடா எலும்பா?"

"ஆமாங்க."

"வேக வெச்சதுதானே?"

"கொழம்புல போட்டதுதான்."

"எலும்பு கடிச்சாப் பல்லு சுத்தமாகும்னு எல்லாரும் நெனைக்கறாங்க. அது பல்லைவிடக் கெட்டி ஐயா. இந்தப் பல்லு வெடிச்சுப் பல மாசம் ஆகியிருக்கும். இது நேத்து வந்த நோவு இல்லை."

பல மாதம். அது மடக் மடக்கென்று கடித்த சத்தத்தை அவர் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்த மாதங்கள்.

இடுக்கியால் ஒரு பக்கம் பிடித்து, திருப்பி, நெம்பி, இழுத்தாள். படக் என்றது. எலும்போடு கொஞ்சம் சீழும் ரத்தமும் வந்தது. கழுவிவிட்டு, வலிக்கும் சீழுக்கும் ஊசி போட்டாள். பிளந்த பல்லைப் பிடுங்க வேண்டும், மற்றதைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும், ஆனால் இப்போது இல்லை என்றாள்.

"அப்ப வெறி இல்லை?" என்றார் கருப்பண்ணன்.

"பல்லு நோவு இருக்குதுன்னு கண்ணால பாத்தாச்சு. வெறி இல்லைன்னு இன்னிக்குச் சொல்ல மாட்டேனுங்க. ஒரே நாய்க்கு ரெண்டும் இருக்கலாம். பத்து நாள் பாத்தே ஆகணும். அப்புறம், காலையில வெறுங்கையாலதானே வாயைத் தொட்டீங்க? நீங்களும் போய் ஊசி போட்டுக்கோங்க."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

ரங்கன் எலும்பை ஒரு பிளாஸ்டிக் மூடியில் வைத்தார். கருப்பண்ணன் அதை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனார். கூட்டம் எட்டிப் பார்த்தது. தீர்த்தகிரி பார்க்கவே இல்லை.

"டாக்டரம்மா உன்ற பண்ணைக்கு வந்து போறவங்க. உனக்குத் தோதாத்தான் சொல்லுவாங்க. நீ சொல்லு. காலையில பல்லு முத்துன்ன. இப்பப் பல்லு சொத்தைங்கற. எதை நம்பறது?"

எலும்பு மத்தியானம்தான் மாட்டியிருக்கும் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நம்புகிற ஆட்கள் கூட்டத்தில் இருந்தார்கள். பேரும் தப்பும், நாயும் தப்பினாலும் தப்பும். அப்போது மெத்தை வீட்டின் நிலைப்படியில் உண்ணாமலை கட்டுப்போட்ட கையோடு வந்து நிற்பது தெரிந்தது.

"காலையில நாஞ் சொன்னது தப்பு" என்றார்.

கட்டைவிரலை அவர்கள் முன்னாலேயே மடித்துக் காட்டினார்.

"மேல பாக்கவே இல்லை. மாட்டைப் பாக்கறாப்புல கீழ மட்டும் பாத்துட்டு, பெருசாச் சொல்லிப்போட்டேன். மாட்டுக்கு மேல பல்லு இல்லை, நாய்க்கு இருக்குது. எனக்கு அது தோணலை. அந்தப் பேச்சை நம்பித்தான் இவ கையை வெச்சா. நாயி மேல தப்பு இல்லை. என்ற மேலதான்."

பின்னாலிருந்து கண்ணுசாமி, போன வருஷம் கருப்பண்ணன் வாக்கை நம்பி மாடு வாங்கினவன், கவலையோடு கேட்டான்: "ஏனுங்க மாமா, அப்ப எனக்குப் புடிச்சுக் குடுத்த மாடு?"

"அது ஆறு பல்லுடா. அதுல எவனும் வாயைத் தொறக்க முடியாது!"

யாரோ குபீரென்று சிரித்தார்கள். சிரிப்பு கூட்டம் முழுக்கப் பரவியது. தீர்த்தகிரி சிரிக்கவில்லை. ஆனால் மூடியை வாங்கி எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்து நாள்ல அது இந்த வேலியைத் தாண்டிச்சுன்னா?"

"தாண்டாது. நானும் தாண்ட மாட்டேன். ஊசிக்குப் போற நேரந் தவிர, அது பக்கத்துலயேதான் கெடப்பேன்."

அப்படியே செய்தார். மாடு ஈன்றால் கட்டுகிற கம்பிக்கதவு போட்ட கொட்டகைக்குள் நாயைப் போட்டு, இரட்டைச் சங்கிலி மாட்டி, ஏழடி தள்ளிக் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டார். இரண்டு சந்தை போனது. போன் வந்தபடியே இருந்தது. "வர முடியாது" என்பதற்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையைக் கஞ்சியில் கரைத்து, நீளக் குச்சியால் வட்டிலைத் தள்ளிவிடுவார். இரண்டாம் நாள் தண்ணீர் குடித்தது. நான்காம் நாள் குழைந்த சோற்றை நக்கித் தீர்த்தது. தினமும் பள்ளி விடுகிற நேரம் தீர்த்தகிரி வரப்பில் வந்து நின்றுகொண்டு, கனிஷ்காவின் சைக்கிள் தாண்டிப் போகிறவரை கழியைக் கீழே வைக்க மாட்டார்.

ஆறாம் நாள் செவலையன் எழுந்திருக்கவில்லை.

சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தது. வட்டிலைத் தள்ளினார், திரும்பவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார், காது மட்டும் அசைந்தது. அன்றைக்கு உண்ணாமலைக்கும் காய்ச்சல். ஊசி போட்ட காய்ச்சல்தான் என்றாள் கலைமணி. கருப்பண்ணன் தலையை ஆட்டினார். கொட்டகைக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே நின்றார். நாயின் நிலைமையை வீட்டில் சொல்லவில்லை. வீட்டுக் காய்ச்சலை நினைத்தால் நாயின் பக்கம் பார்க்க முடியவில்லை.

மைதிலிக்குப் போன் போட்டார்.

"எந்திருச்சா நேரா நடக்குதா, தள்ளாடுதா?"

"எந்திரிக்கவே இல்லை சாமி."

"குரல் எப்படி இருக்குது? வெறின்னா குரல் மாறிப்போகும். கொலைச்சா தொண்டை கட்டினாப்புல இருக்குதா?"

"கொலைக்கவே இல்லை."

"கொலைச்சா எனக்குச் சொல்லுங்க. பொழுதோட நானே வாரேன்."

கட்டிலில் உட்கார்ந்து, அவர் வாழ்க்கையில் எதற்கும் காத்திருக்காத மாதிரி ஒரு குரைப்புக்காகக் காத்திருந்தார். மணி மூன்றானது. நான்கானது. நான்கரைக்கு வரப்பில் கனிஷ்காவின் சைக்கிள் மணி அடித்தது. தீர்த்தகிரி கழியோடு நின்றார்.

செவலையன் தலையைத் தூக்கியது. "வவ்" என்றது. ஒன்று. பிறகு இன்னொன்று. தொண்டை கட்டாமல், கரகரப்பு இல்லாமல், எப்போதும் மாதிரி வெண்கலக் குரல். எழுந்து நேராக நான்கடி நடந்து வந்து கதவில் மூக்கை வைத்தது.

வரப்பில் தீர்த்தகிரி கழியை இறுகப் பிடித்தார். அப்புறம் கேட்டார், "இன்னிக்கு என்ன, ஆறா?"

"ஆறு."

"ம்."

சாயங்காலம் மைதிலி வந்து பார்த்தாள். பிளந்த பல்லில் மறுபடி சீழ் கோத்திருந்தது, அந்த வலிதான் என்று மருந்தைக் கூட்டிக் கொடுத்தாள். மறுநாள் உண்ணாமலைக்குக் காய்ச்சல் விட்டது. அன்றைக்கு ஊசி நாள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தோளைக் காட்டிவிட்டு வந்தார்கள்.

பத்தாம் நாள் காலையில் மைதிலி கொட்டகைக் கதவைத் திறந்து உள்ளே போனாள். சுற்றிப் பார்த்தாள், நடக்கவிட்டாள், தண்ணீர் வைத்தாள். மடமடவென்று குடித்தது. "முடிஞ்சுதுங்க. வெறி இல்லை" என்றாள். "இதுக்கு இன்னிக்கே தடுப்பூசி போட்டுடறேன். அடுத்த வாரம் கிளினிக்குக்குக் கொண்டாந்துருங்க, அந்தப் பல்லை எடுத்துடலாம். அப்புறம் எலும்பு வேண்டாம், மெல்லறதுக்கு வேற இருக்குது. நாய்க்குன்னு இருக்கற பேஸ்ட்டைத் தாரேன், வெரல்ல துணியைச் சுத்தித் தேச்சாப் போதும். நம்ம பேஸ்ட்டு ஆகாது."

"பிரஸ்ஸே வாங்கிடறேன்" என்றார் கருப்பண்ணன்.

வேலிக்கு அந்தப் பக்கம் தீர்த்தகிரி. "பத்தாச்சா?"

"பத்தாச்சு."

"சரி." கழியிலிருந்து சுருக்கை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

எல்லாரும் போன பிறகு உண்ணாமலை முறத்தில் அரிசி புடைக்க உட்கார்ந்தாள். காயம் ஆறிக் கருத்திருந்தது. அவர் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்.

"ஊருக்கே சொன்னீங்க, தப்புன்னு" என்றாள் அவள், முறத்தைப் பார்த்தபடியே. "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை."

"நீயுந்தானே நின்னு கேட்ட?"

"அது ஊருக்குச் சொன்னது."

சந்தையில் நூறு பேரை மடக்கிப் பேசுகிறவர் சாய்த்த கட்டிலின் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"பயந்துட்டேன்" என்றார் கடைசியில். "பத்து நாளும். உன்ற மூஞ்சியைப் பாக்கவே பயந்துக்கிட்டுத்தான் அங்க போய்ப் படுத்தேன். நாயைக் காக்கறதுக்கு இல்லை."

முறம் நின்றது.

"தெரியும்" என்றாள். "அந்தக் கட்டிலு கிறீச்சு கிறீச்சுன்னு விடியற மட்டும் ஒறங்க உட்டுச்சா?"

கொஞ்ச நேரம் கழித்து அடுப்பைக் காட்டினாள். "கஞ்சி ஆறிப்போச்சு. கொண்டு போய் ஊத்துங்க, அதுக்குப் பசியா இருக்கும்."